பன்னிரண்டு பைட்டும் ஓர் இயங்குதளமும்

1975-ல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு யூனிக்ஸ் இயங்குதளம் வேண்டுமென்றால், பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யுடன் உரிம ஒப்பந்தம் போட வேண்டும். பிறகு தபாலில் ஒரு காந்த டேப் சுருளும் சில கையேடுகளும் வந்து சேரும். நிறுவித் தர ஆள் வரமாட்டார். பிழை இருந்தால் திருத்தித் தருவோம் என்ற உறுதியும் கிடையாது. 1956-ல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வியாபாரம் செய்யக் கூடாது. ஆகவே யூனிக்ஸை அது ஒரு சரக்காக விற்கவில்லை. கேட்டவர்களுக்கு உரிமம் கொடுத்து அனுப்பியது. மற்றதெல்லாம் வாங்கியவர் பாடு.

அந்த டேப்பில் இருந்தது யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு. அதை ஏற்ற வேண்டிய இயந்திரம் பி.டி.பி.-11. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலையை ஆர்வலர்களும் அருங்காட்சியகங்களும் இன்றும் செய்துவருகிறார்கள். அரை நூற்றாண்டு பழைய இயந்திரத்தில் அதே வயதுள்ள இயங்குதளத்தை ஏற்றி என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு கணினி வெறும் உலோகமாக இருக்கும் நிலையிலிருந்து கட்டளைக்குக் காத்திருக்கும் நிலைவரை எப்படி வந்து சேர்கிறது என்பதை, ஒரு படியையும் மறைக்காமல் காட்டும் பாடம் இதைப் போல் வேறொன்று இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் படிகளைப் பற்றியது.

இரண்டும் சந்தித்த இடம்

யூனிக்ஸ் பிறந்தது 1969-ல், நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில். கென் தாம்ப்சன் அதை முதலில் எழுதியது பி.டி.பி.-7 என்ற, அப்போதே பழையதாகிவிட்ட சிறு கணினிக்காக. டென்னிஸ் ரிச்சியும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1970-ல் பி.டி.பி.-11 வரிசையைக் கொண்டுவந்ததும் யூனிக்ஸ் அதற்கு இடம்பெயர்ந்தது. 1973-ல் அதன் மையப் பகுதியான கர்னல், ரிச்சி உருவாக்கிய சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. 1974 ஜூலையில் தாம்ப்சனும் ரிச்சியும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கர்னல் நினைவகத்தில் 42 கிலோபைட் மட்டுமே பிடிக்கிறது என்றும், 40,000 டாலர் விலையுள்ள இயந்திரத்திலேயே யூனிக்ஸ் ஓடும் என்றும் சொன்னது. அறையை நிறைக்கும் பெருங்கணினிகள் ஆண்ட காலத்தில் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இது பெரிய செய்தி.

பி.டி.பி.-11 ஒரு 16 பிட் கணினி. ஒரு நிரல் ஒரே நேரத்தில் நேரடியாகத் தொடக்கூடிய நினைவகம் 64 கிலோபைட். அதன் ஆர்.கே.05 என்ற டிஸ்க், 14 அங்குலத் தட்டு ஒன்றைப் பெட்டியோடு செருகி எடுக்கும் வகையைச் சேர்ந்தது. ஒரு தட்டின் கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட். இந்த வரிசைக் கணினிகள் மொத்தம் ஆறு லட்சம் அளவுக்கு விற்பனையானதாகச் சொல்வார்கள். ஆகவே இன்றும் சில கிடங்குகளிலும் வீடுகளிலும் அவை கிடைக்கின்றன.

யார் முதலில் படிப்பது?

டேப்பை மாட்டியாகிவிட்டது. மின்சாரமும் கொடுத்தாயிற்று. ஆனால் எதுவும் நடக்காது. டேப்பைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் டேப்பில்தான் இருக்கிறது. நினைவகத்திலோ பயனுள்ள எதுவும் இல்லை. அடிபம்பில் தண்ணீர் எடுக்க முதலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்ற வேண்டியிருக்கிறதே, அதே நிலைமைதான் இங்கேயும். அந்த முதல் சொம்பை மனிதன்தான் ஊற்ற வேண்டும்.

இன்றைய கணினிகளில் அதற்கென்று ஒரு சில்லு இருக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத நிரல் அதில் பதிந்திருப்பதால் இந்தப் பிரச்சினையே நம் கண்ணில் படுவதில்லை. பி.டி.பி.-11-லும் அப்படிப்பட்ட பலகையைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். அது இல்லாதவர்களுக்கு முன்பலகையின் சுவிட்சுகளே வழி. ஒவ்வொரு சுவிட்சும் ஒரு பிட். கீழே இருந்தால் 0, மேலே இருந்தால் 1. மும்மூன்று பிட்டாகச் சேர்த்து 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் எண்ணை எழுதுவது அந்த இயந்திரத்தின் வழக்கம். முகவரியைச் சுவிட்சுகளில் வைத்து 'முகவரி ஏற்று' என்ற விசையை அழுத்த வேண்டும். பிறகு மதிப்பை வைத்து 'இடு' என்ற விசையை இயக்க வேண்டும். மற்ற விசைகள் கீழ்நோக்கி அழுத்துபவை. இதை மட்டும் மேல்நோக்கித் தூக்க வேண்டும். கை தவறிப் பட்டு நினைவகம் கெட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

ஆறாம் பதிப்பின் நிறுவல் கையேடு, டி.யூ.10 வகை டேப் கருவிக்கு ஆறே ஆறு எண்களைத் தருகிறது. 100000 என்ற முகவரியிலிருந்து வரிசையாக இட வேண்டும்:

012700
172526
010040
012740
060003
000777

ஒவ்வொன்றும் 16 பிட். ஆக மொத்தம் 12 பைட். ஓர் இயங்குதளம் முழுவதையும் இழுத்துவரப் போகும் நிரல் இவ்வளவுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது நேரத்துக்குத் தகுந்த பலன் தரும்.

பி.டி.பி.-11-ல் வெளிக்கருவிகளை இயக்கத் தனிக் கட்டளைகள் கிடையாது. ஒவ்வொரு கருவியின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களும் சாதாரண நினைவக முகவரிகளாகவே செயலிக்குத் தெரியும். அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் கருவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். டேப் கருவிக்குரிய மூன்று பதிவகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: 172522-ல் எழுதுவது கட்டளை, 172524-ல் எழுதுவது எத்தனை பைட் என்பது, 172526-ல் எழுதுவது நினைவகத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது.

முதல் இரண்டு எண்களும் சேர்ந்து ஒரே கட்டளை: 172526 என்ற மதிப்பைச் செயலியின் ஆர்-0 பதிவகத்தில் வை. மூன்றாவது எண் சொல்வது: ஆர்-0-ல் உள்ள முகவரியை இரண்டு குறைத்து, அந்த இடத்தில் ஆர்-0-ன் மதிப்பையே எழுது. அதாவது 172524-ல், எத்தனை பைட் என்று சொல்ல வேண்டிய இடத்தில், முகவரி எண்ணே போய் உட்காருகிறது. அந்த அளவை எதிர்ம எண்ணாகத் தர வேண்டும் என்பது கருவியின் விதி. 172526-ஐ 16 பிட் எதிர்ம எண்ணாகப் படித்தால் ஏறத்தாழ மைனஸ் 2,730 வருகிறது. டேப்பின் முதல் தொகுதி 512 பைட் மட்டுமே என்பதால் இந்த அளவு தாராளமாகப் போதும். முகவரியாக வந்த ஓர் எண்ணே அளவாகவும் உழைத்துவிடுகிறது. கையால் இட வேண்டிய எண்கள் அந்த அளவுக்குக் குறைகின்றன.

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து அடுத்த கட்டளை: மறுபடி இரண்டு குறைத்து, 172522-ல் 060003-ஐ எழுது. இந்த எண்ணின் பிட்டுகளைப் பிரித்தால் ஒன்பது தடம், அங்குலத்துக்கு 800 பிட் அடர்த்தி, வேலை படிப்பது, உடனே தொடங்கு என்ற பொருள் வருகிறது. எங்கே வைப்பது என்ற முகவரியை எழுதவே இல்லையே என்று தோன்றும். தொடக்க விசையை அழுத்தியதும் எல்லாக் கருவிகளும் ஆரம்ப நிலைக்கு வந்துவிடுவதால் அங்கே பூஜ்யம் இருக்கிறது. ஆகவே டேப்பின் முதல் தொகுதி நினைவகத்தின் பூஜ்ய முகவரியில் வந்து இறங்கும். அதைச் செய்வது டேப் கருவி. செயலியின் உதவி அதற்குத் தேவையில்லை. அதுவரை செயலி எங்கும் ஓடிவிடாமல் நிற்க வேண்டும். கடைசி எண்ணான 000777 அதற்குத்தான்: நின்ற இடத்துக்கே திரும்பு என்ற முடிவில்லாச் சுழல்.

டேப் சற்றே நகரும். செயலியை நிறுத்திவிட்டுப் பூஜ்ய முகவரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். டேப் பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும். தட்டச்சு முனையத்தில் '=' என்ற ஒற்றைக் குறி அச்சாகும். இயந்திரம் முதன்முதலாகப் பேசும் சொல் அது.

ஒரு படி ஏறியதும் அடுத்த படி

இப்போது வந்திருக்கும் நிரலுக்கு டேப்பில் உள்ள பெயர்ப் பட்டியலைத் தேடத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனிடம் டி.எம்.ஆர்.கே. என்று தட்டினால் டேப்பிலிருந்து ஆர்.கே. டிஸ்குக்குத் தொகுதி தொகுதியாக நகல் எடுக்கும் நிரல் வரும். அது கேட்பது மூன்று கேள்விகள்: டிஸ்கில் எங்கிருந்து, டேப்பில் எங்கிருந்து, எத்தனை தொகுதி. முதலில் டேப்பின் 100-ஆம் தொகுதியை டிஸ்கின் பூஜ்யத் தொகுதிக்கு. இது டிஸ்கிலிருந்து எழுவதற்கான தொடக்க நிரல். அடுத்து 101 முதல் 3,999 தொகுதிகள். இதுதான் யூனிக்ஸின் அடிப்படைக் கோப்பு முறைமை. இரண்டும் சேர்ந்து சரியாக 4,000 தொகுதிகள், சுமார் 20 லட்சம் பைட்.

இனி டிஸ்கிலிருந்தே எழலாம். இந்த முறை '@' என்ற குறி வரும். இந்த நிரல் முந்தையதைவிட ஒரு படி அதிகம் தெரிந்தது. யூனிக்ஸ் கோப்புகளை எப்படி அடுக்கிவைத்திருக்கிறது என்று இதற்குத் தெரியும். ஆகவே தொகுதி எண் சொல்லத் தேவையில்லை. கோப்பின் பெயர் சொன்னால் போதும். ஆர்.கே.யூனிக்ஸ் என்று தட்டினால் கர்னல் நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கும்.

அதற்கு முன் முன்பலகைச் சுவிட்சுகளை 173030 என்ற எண்ணில் வைத்துவிட வேண்டும். கர்னல் எழுந்ததும் ஓடும் முதல் நிரல் அந்தச் சுவிட்சுகளைப் படித்துப் பார்க்கும். அந்த எண் இருந்தால் ஒற்றைப் பயனர் நிலையில், பராமரிப்புக்கு வசதியாக, '#' குறியோடு நிற்கும். இல்லையென்றால் எல்லோருக்குமான உள்நுழைவைத் திறக்கும். இன்று கைபேசியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்து மீட்பு நிலைக்குப் போகிறோம் அல்லவா, அதே தேவையை அன்று சுவிட்சுகளின் நிலையே நிறைவேற்றியது.

இந்த ஏற்றத்தில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 12 பைட்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொகுதியைப் படிக்க. அந்தத் தொகுதிக்குத் தெரிந்தது பெயரைத் தேட. அது கொண்டுவந்த நிரலுக்கு டிஸ்கில் எழுதத் தெரியும். டிஸ்கின் தொடக்க நிரலுக்குக் கோப்புகளைத் தெரியும். கர்னலுக்கோ பல பயனர்களையும் பல நிரல்களையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்க்கத் தெரியும். ஒவ்வொரு நிலையும் தன்னைவிடக் கூடுதலாகத் தெரிந்த ஒன்றை அழைத்துவந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இன்றைய மடிக்கணினியும் ஆண்ட்ராய்டு கைபேசியும் எழுவது இதே ஒழுங்கில்தான். அங்கே நிறுவனத்தின் சின்னம் திரையை மூடிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

தன்னைத் தானே திருப்பிக் கட்டுதல்

கர்னல் ஓடிவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது. டேப்பில் இன்னும் இரண்டு டிஸ்குக்கான பகுதிகள் இருக்கின்றன: மூலநிரலும் ஆவணங்களும். இப்போது நகல் எடுக்க யூனிக்ஸின் சொந்தக் கருவியே இருக்கிறது. எல்லாம் சேர்த்து டேப்பில் உள்ளது ஏறக்குறைய 62 லட்சம் பைட். இன்று கைபேசியில் எடுக்கும் இரண்டு புகைப்படங்கள் இந்த இடத்தை நிரப்பிவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் இயந்திரத்தின் துணைக்கருவிகள் வேறுபடும். ஒருவரிடம் கூடுதல் முனையங்கள் இருக்கும்; இன்னொருவரிடம் வேறு வகை டிஸ்க் இருக்கும். ஆகவே தன்னிடம் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, அதற்கேற்ற கர்னலை அதே இயந்திரத்தில் புதிதாகத் தொகுத்துக்கொள்ள வேண்டும். சி மொழித் தொகுப்பானும் மூலநிரலும் டேப்பிலேயே வந்துவிடுவதால் இது முடிகிறது. தன் உடலைத் தானே திருப்பிக் கட்டிக்கொள்ளத் தேவையான அனைத்தும் உள்ளே இருக்கும் ஓர் இயங்குதளம் அது. பல்கலைக்கழகங்களில் யூனிக்ஸ் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் இந்தத் திறந்த தன்மைதான்.

முதன்முறை இதில் உட்காருபவருக்குச் சில பழக்கங்கள் புதிதாக இருக்கும். தவறாகத் தட்டிய எழுத்தை அழிக்க '#', வரியையே அழிக்க '@'. கோப்புறை மாற இன்று எல்லோரும் தட்டும் இரண்டெழுத்துக் கட்டளை ஆறாம் பதிப்பில் இல்லை. அதன் நீண்ட வடிவத்தைத் தட்ட வேண்டும். நிறுத்துவதற்கு முன் நினைவகத்தில் தங்கியிருப்பதை டிஸ்கில் எழுதிவிடச் சொல்லாமல் மின்சாரத்தை அணைத்தால் கோப்பு முறைமை சிதையும். ஆனால் பட்டியலிடும் கட்டளையும், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக இணைக்கும் குழாய் முறையும் இன்று லினக்ஸில் இருப்பது போலவே அங்கேயும் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு இடைவெளி சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

இரும்பும் காலமும்

உண்மையான பி.டி.பி.-11 கிடைத்தவர் நேராகச் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. மின்வழங்கியில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் பல்லாண்டு சும்மா கிடந்ததில் உள்ளிருக்கும் காப்புப் படலத்தை இழந்திருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றினால் அந்தப் படலம் பல நேரம் திரும்ப உருவாகும். இல்லையென்றால் புதிது மாற்ற வேண்டும். மின்சுற்றுப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மின்வழங்கிக்கு மட்டும் சுமை கொடுத்து 5 வோல்ட் நிலையாக வருகிறதா என்று பார்த்த பிறகே பலகைகளைச் செருக வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் எரிந்துபோன சில்லுகளுக்கு மாற்றுக் கிடைப்பது கடினம்.

டிஸ்க் இன்னும் நுட்பமானது. படிக்கும் முனை சுழலும் தட்டின்மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. இடைவெளி தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. காற்றை வடிகட்டும் பகுதியில் உள்ள நுரை அடைப்புகள் காலப்போக்கில் பொடியாகி உதிரும். அந்தத் துகள் ஒன்று இடையில் சிக்கினால் முனையும் தட்டும் உரசி இரண்டுமே பாழாகும். காந்த டேப்பிலோ, துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி ஒட்டத் தொடங்கும். அத்தகைய டேப்பை மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கிய பின்பே சுற்ற முடியும்.

இதனால் பலர் செயலியை மட்டும் அசலாக வைத்துக்கொண்டு, டேப்புக்கும் டிஸ்குக்கும் இன்றைய மாற்று தேடுகிறார்கள். யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கத்தைத் தொடங்கிய ஆஸ்திரேலியரான வாரன் டூமி பராமரித்த ஒரு நிரல், மடிக்கணினியையே டேப் கருவியாக நடிக்கவைக்கிறது. தொடர் இணைப்புக் கம்பி ஒன்று போதும். 9,600 பாட் வேகத்தில் ஒரு நொடிக்கு 960 பைட் போகும். ஒரு முழு ஆர்.கே.05 டிஸ்கை நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும். பிற்கால பி.டி.பி.-11 இயந்திரங்களில் சுவிட்சுப் பலகை கிடையாது. முனையத்திலேயே முகவரியையும் மதிப்பையும் தட்டும் வசதி செயலிக்குள் இருக்கிறது. ஆகவே முதல் எண்களையும் மடிக்கணினியே தட்டிக் கொடுத்துவிடும்.

ஏன் இந்த உழைப்பு?

முதல் காரணம், கற்றல். ஆறாம் பதிப்பின் கர்னல் ஏறக்குறைய 9,000 வரிகள். ஒருவர் சில வாரங்களில் முழுவதையும் படித்து மனத்தில் நிறுத்திவிட முடியும். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் இதைக் கண்டுகொண்டு, மூலநிரலைத் தொகுத்து, அதற்கு வரிக்கு வரி விளக்கத்தையும் மாணவர்களுக்காக 1977-ல் எழுதினார். ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் நடத்தத் தடை போட்டது. லயன்ஸின் விளக்கம் நகலுக்கு நகலாகக் கைமாறி, 1996-ல்தான் முறையான நூலாக வந்தது. அந்தத் தடையே வேறொரு கதவைத் திறந்தது. பாடம் நடத்த மூலநிரல் இல்லாத நிலையில் ஆன்ட்ரூ டானன்பாம் 1987-ல் மினிக்ஸ் எழுதினார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். லினக்ஸ் கர்னல் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதை முழுவதும் படித்த மனிதர் யாரும் இருக்க முடியாது. எம்.ஐ.டி. தன் மாணவர்களுக்கு இயங்குதளப் பாடம் நடத்த, ஆறாம் பதிப்பை இன்றைய செயலிகளுக்காகத் திருப்பி எழுதி இப்போதும் பயன்படுத்துகிறது. சிறியது முழுமையாகப் புரிந்தால் பெரியதை அணுகும் துணிவு வரும்.

இரண்டாவது காரணம், பாதுகாப்பு. ஓடாத மென்பொருள் பாதி இறந்த மென்பொருள். 1972-ஐச் சேர்ந்த முதல் பதிப்புக் கர்னல் காகிதத்தில் அச்சிட்ட பட்டியலாக மட்டுமே எஞ்சியிருந்தது. ஆர்வலர்கள் அதைத் திரும்பத் தட்டச்சு செய்து, பிழை நீக்கி, 2008-ல் ஓடவைத்தார்கள். கர்னல் சி மொழிக்கு மாறிய நான்காம் பதிப்பின் டேப் ஒன்று 2025-ல் யூட்டா பல்கலைக்கழகக் கிடங்கில் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அது படித்தெடுக்கப்பட்டது. படித்தெடுத்ததை எப்படி ஏற்றுவது என்று தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அந்த பிட்டுகள் மறுபடி ஓர் இயங்குதளமாயின.

பழைய இயந்திரத்தைக் கைவிடாத புதிய யூனிக்ஸ் வழித்தோன்றலும் உண்டு. பி.டி.பி.-11-ன் வாரிசாக 1977-ல் வந்த வாக்ஸ் கணினிகளுக்கு நெட்பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் இன்றும் புதிய பதிப்புகளைத் தருகிறது. லினக்ஸ் தான் பிறந்த இன்டெல் 386 செயலிக்கான ஆதரவை 2013-ல் நிறுத்திக்கொண்டதை இதோடு ஒப்பிட்டால், அந்த உழைப்பின் அருமை புரியும்.

இதைக் கற்க இயந்திரம் சொந்தமாக வேண்டும் என்பதில்லை. டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் சப்னிக் தொடங்கிய சிம்-ஹெச் என்ற சிமுலேட்டர் எந்தச் சாதாரணக் கணினியிலும் பி.டி.பி.-11-ஐ உருவகப்படுத்தும், அது இலவசம். யூனிக்ஸின் முதல் ஏழு பதிப்புகளையும் 2002-ல் கால்டெரா நிறுவனம் திறந்த உரிமத்தில் விடுவித்துவிட்டதால் சட்டச் சிக்கலும் இல்லை. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு வார இறுதியை இதற்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு எண்களையும் தாமே இட்டு, '=' குறி வருவதைக் கண்டு, '#' வரை ஏறிப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் இதை ஆய்வகப் பயிற்சியாகவே வைக்கலாம். பழைய டேப்புகளும் கையேடுகளும் கிடங்கில் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எடைக்குப் போடும் முன் அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அதுவாகவும் இருக்கலாம்.